கணினியின் முன் ஆள் இருக்கிறார்கள்: பயிற்சிக் கூடங்களுக்கு இயங்குதளம் அனுப்புவோருக்கு ஒரு திறந்த மடல்

இராமநாதபுரம் கடலோரக் கணினிப் பயிற்சிக் கூடங்களுக்கு இயங்குதள இமேஜ் தயாரித்து அனுப்பும் குழுவின் பொறுப்பாளர்களுக்கு,

நீங்கள் அண்மையில் அனுப்பிய புதிய இமேஜில், அதாவது கணினிகளில் அப்படியே ஏற்றும் இயங்குதளத் தொகுப்பில், நிரல் எழுதும் கருவிகள் எல்லாம் இருக்கின்றன. அவற்றைக் கையாள்வது எப்படி என்று சொல்லும் ஆவணங்கள் ஒன்றுகூட இல்லை. கட்டளைகளை விளக்கும் மேன் பக்கங்கள் இல்லை. நிரல் எழுதப் பயன்படும் விம் எடிட்டரின் உதவிக் கோப்புகளும், அவற்றோடு வரும் விம்டியூட்டர் பயிற்சியும் இல்லை. நிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட், பிழை தேட உதவும் ஜிடிபி, பைதான் மொழி, சி மொழியின் நூலகச் சார்புகள் (ஆயத்த ஃபங்ஷன்கள்) ஆகியவற்றுக்கான கையேடுகளும் போய்விட்டன. பழைய இமேஜில் இவை அனைத்தும் இருந்தன. மண்டபம், தங்கச்சிமடம், தேவிபட்டினம் பக்கத்திலிருந்து நிரலாக்கம் படிக்க வந்த பிள்ளைகள் அவற்றைக் கொண்டே படித்தார்கள். அளவைக் குறைப்பதற்காகத் தேவையற்ற கோப்புகளை நீக்கியிருப்பதாக இமேஜோடு வந்த உங்கள் குறிப்பு சொல்கிறது. எது தேவை, எது தேவையில்லை என்று முடிவெடுத்தபோது கூடங்களில் பாடம் நடத்தும் எங்களில் எவரையும் நீங்கள் கேட்கவில்லை. இந்த முடிவை ஏற்க இயலாது என்று சொல்லவும், அதற்கான காரணங்களை இங்கே நடந்தவற்றைக் கொண்டே எடுத்துவைக்கவும் இம்மடலை எழுதுகிறேன்.

புதிய இமேஜ் ஏறிய கணினியில் ஒரு மாணவி கட்டளை தட்டும் டெர்மினலைத் திறந்து, ஒரு கட்டளையின் விவரம் பார்ப்பதற்காக "மேன்" என்று தட்டினால், பக்கத்துக்குப் பதிலாக ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு வருகிறது. பயனர்கள் உள்நுழையாத கணினிக்குத் தேவைப்படாத மென்பொருள் பேக்கேஜ்களையும் உள்ளடக்கத்தையும் அகற்றி இந்தக் கணினி சுருக்கப்பட்டிருக்கிறது என்பது அதன் பொருள். தன் பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டி உள்ளே வந்து உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம், இந்தக் கணினிக்குள் யாரும் வருவதில்லை என்று அந்தத் திரை சொல்கிறது. அகராதியை வைத்துக்கொண்டு வரி வரியாக அதைப் படித்து முடித்தவள், "டீச்சர், அப்ப இது நமக்கு இல்லையா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

அறிவிப்பின் வாசகம் உங்கள் குழு எழுதியது அல்ல என்பதை அறிவேன். அது உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் "மினிமல்" இமேஜோடு வருவது. அந்த இமேஜ் வேறொரு தேவைக்காகச் செய்யப்பட்டது. தரவு மையங்களில் நொடியில் கிளப்பப்பட்டு, வேலை முடிந்ததும் அழிக்கப்படும் மெய்நிகர் கணினிகளுக்கு முன்னால் விசைப்பலகையும் கிடையாது, ஆளும் கிடையாது. அங்கே கையேட்டை வைத்திருந்து படிக்கப்போவது யாரும் இல்லை. அதைச் செய்தவர்கள் தாம் செய்ததை ஒளிக்கவில்லை. ஆள் உள்நுழையாத கணினிக்கு உரியது இது என்று அந்த அறிவிப்பிலேயே எழுதி, நீக்கியவற்றைத் திரும்பப் பெற "அன்மினிமைஸ்" என்ற கட்டளையையும் அதன் கீழே சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் அந்த இமேஜை எடுத்து, அதன்மேல் டெஸ்க்டாப்பையும் கம்பைலரையும் ஏற்றி, நாள் முழுவதும் ஆள் மாற்றி ஆள் உட்காரும் கூடத்துக்கு அனுப்பிவிட்டீர்கள். அன்மினிமைஸ் கட்டளையை ஓட்ட நிர்வாகி உரிமை வேண்டும். அந்த உரிமையை எங்களுக்கு நீங்கள் தரவில்லை.

இதைவிடக் கவலை தரும் ஒன்று உண்டு. பேக்கேஜ்களை நிறுவும் டிபிகேஜியின் அமைப்புகள் இருக்கும் அடைவில் "எக்ஸ்க்ளூட்ஸ்" என்ற சிறு கோப்பு ஒன்று இருக்கிறது. படிக்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்பதால் திறந்து பார்த்தேன். மேன் பக்கங்கள் அனைத்தையும் விட்டுவிடு என்று ஒரு வரி. ஆவண அடைவில் உள்ளவற்றை, காப்புரிமைக் கோப்பு போன்ற சிலவற்றைத் தவிர, விட்டுவிடு என்று ஒரு வரி. மொழிபெயர்ப்புக் கோப்புகளை விட்டுவிடு என்று இன்னொரு வரி. இந்தக் கோப்பு இருக்கும்வரை பின்னால் எந்தப் பேக்கேஜை நிறுவினாலும், அதன் நிரல் மட்டும் வட்டில் இறங்கும். கையேடு வழியிலேயே கழற்றிவிடப்படும். நாளைக்கே நீங்கள் மனமிரங்கிக் கையேட்டுப் பேக்கேஜ்களை அனுப்பிவைத்தாலும், நிறுவல் வெற்றி என்று திரை சொல்லும், ஆனால் பக்கம் எதுவும் வந்திருக்காது. மூன்றாவது வரி தமிழுக்கு நேரடியாகக் கேடு. ஊதியம் எதுவும் பெறாமல் பல ஆண்டுகளாகத் தன்னார்வலர்கள் மென்பொருள்களின் செய்திகளைத் தமிழாக்கி வருகிறார்கள். தன் தமிழாக்கத்தைத் தானே சுமந்துவரும் பேக்கேஜிலிருந்து அந்தத் தமிழும் இந்த வரியால் உதிர்ந்துவிடுகிறது. தமிழ்நாட்டுப் பயிற்சிக் கூடத்துக்கு அனுப்பும் இமேஜில் இப்படியொரு வரி இருக்கிறதா என்று பார்ப்பது உங்கள் கடமை.

விம் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தக் கரையில் விசைப்பலகையால் மட்டுமே இயங்கும் எடிட்டரைப் பழக்குவது எங்கள் பிடிவாதத்தால் அல்ல. உப்புக்காற்றில் மவுஸின் பொத்தான்களும் டச்பேடும் சீக்கிரம் பழுதாகின்றன. விசைப்பலகை அவற்றைவிட நாள்படத் தாங்குகிறது. நினைவகம் குறைந்த பழைய கணினிகளில் பெரிய எடிட்டர்கள் மூச்சு வாங்குகின்றன. நாளை வேலைக்குப் போகிற இடத்தில் தொலைவிலுள்ள சர்வருக்குள் நுழைந்தால், அங்கே பெரும்பாலும் கிடைப்பது விம் அல்லது அதன் மூத்த உறவான வி. இந்தக் காரணங்களால்தான் விம், அதைப் போலவே விசைப்பலகையால் இயங்கும் ஈமாக்ஸ் இரண்டையும் கற்பிக்கிறோம்.

இத்தகைய எடிட்டருக்கும் மற்றவற்றுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. மற்றவற்றில் மெனு இருக்கும், பொத்தான் இருக்கும், படம் இருக்கும். கண்ணால் தேடி ஒன்றைக் கண்டுபிடித்துவிடலாம். டெர்மினலில் திறக்கும் விம்மில் கண்ணுக்குத் தெரிவது வெறும் திரை. எந்த விசை எதைச் செய்யும் என்பது உதவிக் கோப்பில் மட்டுமே இருக்கிறது. அதிலும் ஒரே விசைக்குக் கட்டளை தரும் நார்மல் நிலையில் ஒரு வேலை, எழுத்தைத் தட்டும் இன்சர்ட் நிலையில் வேறொரு வேலை. கண்ட்ரோல்-வி நார்மல் நிலையில் செங்குத்தாகக் கட்டம் கட்டித் தேர்ந்தெடுக்கும். இன்சர்ட் நிலையில் அதே விசைக்குப் பின் u என்ற எழுத்தையும் யுனிகோட் எண்ணையும் தட்டினால் தமிழ் எழுத்து வந்து உட்காரும். இரண்டுக்கும் உதவிக் கோப்பில் தனித்தனிப் பதிவுகள் உண்டு. எந்த நிலையைக் கேட்கிறோம் என்பதைச் சொல்லித் தேடும் முறையும் உண்டு. உதவிக் கோப்பை எடுத்துவிட்டுப் பொத்தான் உள்ள எடிட்டரைக் கொடுத்தால் ஓரளவாவது ஓட்டலாம். விம்மைக் கொடுத்தால் பாதி எடிட்டரைக்கூடக் கொடுத்ததாக ஆகாது.

அந்த உதவிக் கோப்புகள் எப்படிப்பட்டவை என்பதை அறிந்துதான் நீக்கினீர்களா? 1991இல் விம்மை வெளியிட்டு, 2023 ஆகஸ்டில் மறையும்வரை அதைப் பேணிவந்த பிராம் மூலனார், நிரலுக்குக் கொடுத்த அதே அக்கறையை உதவிக்கும் கொடுத்தார். முதலிலிருந்து முறையாகப் படிக்க ஒரு பயனர் கையேடு; ஒன்றைத் துல்லியமாகத் தெரிந்துகொள்ள தேடிப் பார்ப்பதற்கான ஒரு கையேடு. எல்லாம் வெற்று எழுத்துக் கோப்புகள்; எடிட்டருக்குள்ளேயே திறக்கும். ஒரு சொல்லின்மேல் கர்சரை வைத்துக் கண்ட்ரோலோடு மூடும் பகர அடைப்பைத் தட்டினால் அதன் விளக்கத்துக்குப் போகலாம். கண்ட்ரோல்-டி தட்டினால் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பலாம். எடிட்டரைப் பழகுவதும் உதவியைப் படிப்பதும் ஒரே செயலாகிவிடும்படி அவர் அதை அமைத்தார். விம்மைத் திறந்ததும் முகப்பில் உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்றொரு வரி தோன்றும். இது ஏன் இங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு புது வகுப்பிலும் யாராவது கேட்பார்கள். உதவிக்குள் அந்தப் பக்கத்தைத் திறந்து, மென்பொருளை இலவசமாகக் கொடுத்துவிட்டு அதற்கு ஈடாகக் கிபாலே என்ற ஊரின் குழந்தைகளுக்கு நன்கொடை கேட்ட மனிதரைப் பற்றி அவர்களே படிக்கும்படி விட்டுவிடுவேன். வகுப்பு தொடங்குவதற்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

புதிய இமேஜில் இருப்பது விம்மின் சுருங்கிய வடிவமான விம்-டைனி. அதில் உதவி கேட்டால், உதவிக் கோப்புகள் இந்தப் பேக்கேஜில் இல்லை, விம்-ரன்டைம் என்ற பேக்கேஜை நிறுவிக்கொள்ளவும் என்ற பொருளில் பதில் வருகிறது. நிறுவும் உரிமை மாணவருக்கும் இல்லை, எனக்கும் இல்லை. இன்சர்ட் நிலையில் அம்புக்குறியைத் தட்டினால் கர்சர் நகராமல் ஆங்கில எழுத்து ஒன்று விழுந்து வரி கெடுகிறது. பழைய வி-யைப் போல நடந்துகொள்ளும்படி அது அமைக்கப்பட்டிருப்பதன் விளைவு இது. இதை மாற்றுவது எப்படி என்பதும் உதவிக் கோப்பில்தான் இருக்கிறது. முதல் நாள் வந்த பிள்ளை தன் விரல்தான் தவறு செய்கிறது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறது.

இந்தப் பக்கங்களை யார் படிக்கிறார்கள் என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவர் தொலைபேசியில் கேட்டார். ஒருவனைப் பற்றிச் சொல்கிறேன். பிளஸ் டூ முடித்தவன். அப்பா விசைப்படகில் போகிறவர். ஒரு தங்கலுக்கான டீசல், ஐஸ், சாப்பாட்டுச் சாமான் செலவைக் கழித்து, மீன் விற்ற பணத்தில் மிச்சத்தைப் பங்கு பிரிக்கும் கணக்கைச் சி மொழியில் எழுதினான். எண் கேட்கும் இடத்தில் தவறி ஓர் எழுத்தைத் தட்டிவிட்டால் நிரல் நிற்காமல் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டு ஓடியது. நான் விடையைச் சொல்லவில்லை. ஸ்கேன்எஃப் சார்பின் மேன் பக்கத்தைத் திறந்து "ரிட்டர்ன் வேல்யூ" என்ற தலைப்பின் கீழ் உள்ள பத்தியை மட்டும் படிக்கச் சொன்னேன். எத்தனை உருப்படிகள் வெற்றிகரமாகப் பொருந்தின என்பதை அந்தச் சார்பு திருப்பித் தருகிறது, பொருத்தம் தொடக்கத்திலேயே தவறினால் அது பூஜ்யமாகவும் இருக்கலாம் என்று அங்கே எழுதியிருக்கிறது. பொருந்தாத எழுத்து உள்ளீட்டிலேயே தங்கிவிடுவதால்தான் சுற்று முடியவில்லை என்பதை அவனே கண்டுபிடித்தான். அதோடு விடவில்லை. பக்கத்தின் அடியில் "மேலும் காண்க" என்ற இடத்தில் இருந்த பெயர்களைப் பிடித்துக்கொண்டு ஸ்டிர்டாட் சார்பின் பக்கத்துக்குப் போனான். வரியை முழுதாக வாங்கி, அதன்பின் அதை எண்ணாக மாற்றும்படி நிரலைத் திருத்தி எழுதிவிட்டான். நான் அந்த நேரத்தில் வேறொரு மேசையில் இருந்தேன். ஒரு பயிற்றுநருக்கு ஒரு கூடம் நிறையப் பிள்ளைகள் என்ற நிலையில், கையேடுதான் இரண்டாவது ஆசிரியர். புதிய இமேஜில் அதே சார்பின் பெயரைத் தட்டினால் முன்சொன்ன அறிவிப்பு வருகிறது.

நீங்கள் சொன்ன காரணங்களுக்கு வருகிறேன். அளவு என்பதை நீண்ட நேரம் பேச வேண்டியதில்லை. விம்-ரன்டைம் பேக்கேஜ் நிறுவிய பின்னும் சில பத்து மெகாபைட்தான். சி சார்புகளின் மேன் பக்கங்கள் அதைவிடச் சிறியவை. எங்கள் கணினிகளின் வட்டுகள் பெரும்பகுதி காலியாகவே கிடக்கின்றன. புதிய இமேஜில் வால்பேப்பர் படங்களை வைத்திருக்கிறீர்கள்.

எல்லாம் இணையத்தில் இருக்கிறது என்பது இரண்டாவது காரணம். இணையம் இருக்கும்போது இருக்கிறது. 2024 நவம்பர் 20 அன்று இராமேசுவரத்தில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது நினைவிருக்கும். அத்தகைய பெருமழையை விடுங்கள். வாடைக்காற்றுக் காலத்தில் ஒரு சாதாரண மழைக்கே மின்சாரமும் இணைப்பும் மாறி மாறிப் போகும் கரை இது. மின்சாரம் ஜெனரேட்டரில் வந்துவிடும், இணைப்பு வராது. வீட்டில் கைப்பேசியில் பார்த்துக்கொள்ளட்டும் என்றால், பல வீடுகளில் இணையம் உள்ள கைப்பேசி ஒன்றுதான். அதையும் அண்ணனோ அப்பாவோ கடலுக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். செய்முறைத் தேர்வு நடக்கும் நாளில் கூடத்தின் இணைய இணைப்பைத் துண்டிக்கச் சொல்வது நீங்களேதான். அந்த மூன்று மணி நேரத்தில் ஒரு மாணவர் நேர்மையாகத் துணைகொள்ளக்கூடிய ஒரே பொருள் கணினிக்குள் இருந்த கையேடு.

இணையம் தடையின்றிக் கிடைத்தாலும் சிக்கல் தீராது. கணினியோடு வரும் கையேடு அந்தக் கணினியில் உள்ள பதிப்புக்கு உரியது. இணையத்தில் முதலில் அகப்படுவது வேறு பதிப்புக்கு உரியதாக இருக்கும். நீங்கள் அனுப்பியிருக்கும் உபுண்டு 22.04இல் பைதான் 3.10 இருக்கிறது. சரத்துக்குள் மாறியின் மதிப்பைச் செருகும் எஃப்-ஸ்ட்ரிங்கின் மேற்கோள் குறிக்குள் அதே மேற்கோள் குறியை மறுபடி எழுதும் வசதி 3.12இல்தான் வந்தது. இணையத்தில் புதிய பதிப்பின் ஆவணத்தைப் படித்து அப்படி எழுதிய மாணவிக்கு இங்கே இலக்கணப் பிழை என்று வருகிறது. அவள் எழுதியது சரி, படித்ததும் சரி, பதிப்புதான் வேறு. விம்முக்கான விடை தேடினால் 2014இல் அதிலிருந்து கிளைத்த நியோவிம்முக்கான விடை வருவதும் அன்றாடம் நடக்கிறது. தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு இந்த வேறுபாட்டைப் பிரித்தறியும் பழக்கம் இன்னும் வந்திருக்காது. அந்தப் பழக்கம் வரும்வரை பதிப்பு பிசகாத ஆவணம் கையருகே இருந்தாக வேண்டும்.

கேட்டால் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வந்தபின் கையேடு எதற்கு என்றும் உங்கள் தரப்பில் சொல்லப்பட்டது. எங்கள் பிள்ளைகளும் அவற்றைக் கேட்கிறார்கள், நான் தடுப்பதில்லை. கோப்புகளை ஒன்றாகக் கட்டும் டார் கட்டளைக்கு இல்லாத ஒரு தேர்வை இருப்பதாக அத்தகைய செயலி ஒன்று உறுதியோடு சொன்னதை வகுப்பில் எல்லோரும் பார்த்தோம். அது உண்மையா என்று எதைக்கொண்டு சரிபார்ப்பது? அப்போது எங்களிடம் மேன் பக்கம் இருந்தது. ஒரு நிமிடத்தில் தெரிந்துவிட்டது. அந்தச் செயலிகள் பெருகப் பெருக, ஒப்பிட்டுப் பார்க்க ஓர் உறுதியான மூலம் கையில் இருப்பது முன்னைவிட அவசியமாகிறது.

கடைசியாகச் சொல்லப்பட்ட காரணம் என்னை மிகவும் வருத்தியது. ஆங்கிலத்தில் இருக்கும் இந்தப் பக்கங்கள் நம் பிள்ளைகளுக்குப் புரியாது, எனவே இருந்தும் பயனில்லை என்று சொல்லியிருக்கிறீர்கள். தமிழ் வழியில் பிளஸ் டூ வரை படித்த பிள்ளைகள் ஒரு மேன் பக்கத்தை எப்படிப் படிக்கிறார்கள் என்பதை ஒரு பிற்பகல் வந்து உட்கார்ந்து பாருங்கள். ஒவ்வொரு பக்கமும் ஒரே அடுக்கில் இருக்கிறது: பெயர், எழுதும் முறை, விளக்கம், திருப்பித் தரும் மதிப்பு, பிழைகள், மேலும் காண்க. நான்கு பக்கங்கள் பழகியபின் ஐந்தாவதில் எங்கே பார்க்க வேண்டும் என்பது தெரிந்துவிடுகிறது. சொற்களும் திரும்பத் திரும்ப வருபவை. ஆங்கிலப் பாடநூலைக் கண்டால் ஒதுங்கிய ஒரு மாணவி, தனக்குத் தேவையான விடை இந்தப் பத்தியில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அதை மூன்று முறை படித்துப் பொருள் பிடித்ததைப் பார்த்திருக்கிறேன். புரியாது என்று முடிவுகட்டிப் பக்கத்தையே எடுத்துவிட்டால், புரிந்துகொள்ளும் வாய்ப்பும் சேர்ந்து போய்விடுகிறது.

தமிழில் வேண்டும் என்பதுதான் உங்கள் கவலை என்றால், அதற்கான வேலை இங்கே நடந்துகொண்டிருந்தது. விம்டியூட்டர் என்பது அரை மணி நேரத்தில் அடிப்படைகளைக் கற்பிக்கும் ஒரு பாடக்கோப்பு; மாணவர் அதன் பிரதியைத் திறந்து, பிழையோடு கொடுக்கப்பட்ட வரிகளை அதற்குள்ளேயே திருத்திப் பழகுவார். பல மொழிகளில் அது கிடைக்கிறது; எங்களிடம் இருந்த பதிப்பில் தமிழ் இல்லை. ஆகவே மூத்த மாணவர்கள் தமிழில் ஒரு பாடக்கோப்பு எழுதத் தொடங்கினார்கள். அதில் திருத்த வேண்டிய வரிகளை இந்த ஊர்ப் பேச்சிலிருந்தே எடுத்தார்கள்: சீலா, பாறை, நண்டு, கணவாய் என்று எழுத்து கூடிப்போன மீன் பெயர்கள், வரிசை தவறிய படகுக் கணக்கு. தமிழில் ஓர் எழுத்தை அழிக்கும்போது மெய்யும் உயிர்க்குறியும் சேர்ந்து அழியுமா, தனியாக அழியுமா என்ற கேள்வி எழுந்தபோது, அவர்கள் விடை தேடிப் போனது உதவிக் கோப்புக்குத்தான். புதிய இமேஜை ஏற்றியபோது விம்டியூட்டரோடு சேர்த்து, அதன் அடைவில் வைத்திருந்த அந்தத் தமிழ்க் கோப்பும் எல்லாக் கணினிகளிலிருந்தும் அழிந்தது. பென்டிரைவில் ஒரு பிரதி இருக்கிறது. அதை ஓட்டத்தான் இப்போது விம்டியூட்டர் இல்லை.

கருவியும் கையேடும் சேர்ந்தே வரவேண்டும் என்பது புதிதாக நான் கேட்பதன்று. லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் இயங்குதளத்தின் முதல் கையேட்டில் 1971 நவம்பர் 3 என்ற தேதி இருக்கிறது. எழுதியவர்கள் அந்த இயங்குதளத்தை உருவாக்கிய கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியுமே. அந்த நாளிலேயே பக்கங்களில் "பக்ஸ்" என்றொரு தலைப்பு வைத்து, தங்கள் கட்டளையில் உள்ள குறையைத் தாங்களே எழுதினார்கள். குறையை ஒளிக்காமல் பயனரிடம் சொல்லிவிடும் அந்தப் பண்பை ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் இந்தப் பக்கங்களில் காணலாம். நீங்கள் நீக்கியதில் அதுவும் அடங்கும்.

கையேட்டை இயங்குதளத்திலிருந்து பிரித்தவர்கள் இதற்கு முன்னும் உண்டு. ஈமாக்ஸின் கையேடு வெளியாகும் உரிமம், அதன் சில பகுதிகளை மாற்றக்கூடாது என்று நிபந்தனை விதிக்கிறது. அத்தகைய ஆவணம் தங்கள் கட்டற்ற மென்பொருள் நெறிக்கு ஒத்துவராது என்று டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் குழுவினர் 2006இல் வாக்கெடுத்து முடிவு செய்தார்கள். ஆனால் அவர்கள் அதைத் தூக்கியெறியவில்லை. வேறு பிரிவில் தனிப் பேக்கேஜாக வைத்து, வேண்டியவர் எடுத்துக்கொள்ளும்படி விட்டார்கள். விவாதித்தார்கள், காரணம் சொன்னார்கள், கிடைக்கும் இடத்தையும் காட்டினார்கள். அந்த மூன்றையும் உங்களிடம் எதிர்பார்க்கும் உரிமை எங்களுக்கு உண்டு.

உங்களிடம் நாங்கள் கேட்பவற்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

எக்ஸ்க்ளூட்ஸ் கோப்பு இமேஜில் இருக்கக்கூடாது. மொழிபெயர்ப்புகளை விலக்கும் வரியும் அதோடு போக வேண்டும். அன்மினிமைஸ் கட்டளையை உங்கள் பக்கத்திலேயே ஓட்டி, அந்தக் கோப்பு போய்விட்டதா, மேன் பக்கங்கள் திறக்கின்றனவா என்று பார்த்துவிட்டு இமேஜைப் புதிதாக எடுங்கள். கோப்பை நீக்காமல் பேக்கேஜை மட்டும் ஏற்றினால் என்ன ஆகும் என்பதை மேலே எழுதியிருக்கிறேன்.

விம்-டைனிக்குப் பதிலாக முழு விம்மையும் விம்-ரன்டைமையும் வையுங்கள். சி சார்புகளின் மேன் பக்கங்கள், கிட் கையேடு, அந்தந்தப் பதிப்புக்கு உரிய பைதான் ஆவணம், ஜிடிபி கையேடு, தனிப் பேக்கேஜாக இருக்கும் ஈமாக்ஸ் கையேடு ஆகியவற்றையும் சேருங்கள். இவை அனைத்தும் பகிர்வதற்கு உரிமம் உள்ளவை. ஒரு ரூபாய் செலவில்லை.

தமிழுக்கு என்று ஓர் அடைவு ஒதுக்குங்கள். எங்கள் மாணவர்கள் எழுதிவரும் விம் பாடக்கோப்பை அங்கே வையுங்கள். மற்றக் கூடங்களில் எழுதப்படுவனவற்றையும் கேட்டு வாங்குங்கள். 2012 முதல் கணியம் குழுவினர் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதி, யாரும் பகிரலாம் என்ற உரிமத்தில் வெளியிட்டுவரும் லினக்ஸ், பைதான் நூல்களையும் அதில் சேர்க்கலாம். இமேஜை மறுபடி ஏற்றும்போது அந்த அடைவு அழியாதபடி ஓர் ஏற்பாடும் வேண்டும்.

ஒவ்வொரு கூடத்திலும் ஒரு பயிற்றுநருக்காவது, உங்கள் ஒப்புதல் பட்டியலில் உள்ள பேக்கேஜ்களை நிறுவும் அளவுக்கு உரிமை கொடுங்கள். முழு நிர்வாகி உரிமை கேட்கவில்லை.

இனி இமேஜிலிருந்து எதையாவது நீக்குவதானால், நீக்கப்போகும் பட்டியலை ஒரு மாதம் முன்னதாகக் கூடங்களுக்கு அனுப்பி எங்கள் கருத்தைக் கேளுங்கள்.

ஏப்ரல் 15இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது. ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும். ஆண்டில் மற்ற நாட்களில் வர முடியாத இளைஞர்கள் முழுநேரமாகக் கூடத்துக்கு வருவது அந்த 61 நாட்களில்தான். பொதுத்தேர்வு முடித்த பிள்ளைகளும் அப்போதுதான் சேர்கிறார்கள். திருத்திய இமேஜ் மார்ச் மாத இறுதிக்குள் எங்கள் கைக்கு வந்தால், தடைக்காலத்துக்கு முன் எல்லாக் கணினிகளிலும் ஏற்றிச் சோதித்துவிடுவோம். ஏற்றும் வேலைக்கு உங்கள் ஆட்களை அனுப்ப வேண்டாம். மூத்த மாணவர்களை வைத்து நாங்களே செய்துகொள்கிறோம். இந்தத் தேதிக்குள் இயலுமா, இயலாதா என்பதை எழுத்து வடிவில் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கடலோரக் கூடம் ஒன்றின் கணினிப் பயிற்றுநர்,
மண்டபம் வட்டாரம், இராமநாதபுரம் மாவட்டம்